பத்துக் கம்பியும் மூன்று மிதியும்

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் இன்னும் கட்டி முடியவில்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணிகள் கொண்டுபோய் ஏற்றும். நான் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டைகளை எண்ணி, ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எழுதுவது என் வேலை. வயது இருபத்தாறு. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. இந்த ஊரில் என்னைவிட இசை தெரிந்தவன் கிடையாது என்று ஒரு நினைப்பும் உண்டு.

அந்த நினைப்புக்கு ஆதாரம் என்னிடம் இருந்த ஒரு ஹவாயன் கிட்டார். மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகள்மேல் இழுத்து வாசிக்கிற கிட்டார் அது. எனக்கு நாலு பாட்டு வரும். அதில் இரண்டு ஒரே பாட்டுதான் என்று அக்கா சொல்லுவாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில், நாங்கள் கோயில் என்போம், ஆர்கன் வாசிப்பாள். காலால் மிதித்துக் காற்று அடிக்கிற பழைய ஆர்கன். அப்பாவும் அம்மாவும் நாசரேத்தில் இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்காகத் தூத்துக்குடியில் ஒரு வீடு பிடித்திருந்தோம். அவளுடைய காது பொல்லாதது. வெளியே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, உள்ளே நான் வாசிப்பதைக் கேட்டு, "ஏலே, மூணாவது கம்பி எறங்கியிருக்கு" என்பாள். "இல்லையே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் முடுக்கி வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் உப்பு ஏற்ற வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலில் மூட்டை தூக்கும் விஞ்ச் பழுதாகி வேலை நின்றது. தண்ணீர் குடிக்கலாம் என்று உள்ளே போனபோது மாலுமிகள் சாப்பிடும் அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. என்னுடையது மாதிரிக் கட்டையால் இழுக்கிற ஸ்டீல் கிட்டார் என்பது முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்து நடந்தது எனக்குப் புரியவில்லை. ஒரு சுரம் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் பக்கத்துச் சுரம் மட்டும் மெல்ல ஏறி வந்து அதோடு சேர்ந்தது. கட்டையை நகர்த்தினால் எல்லாக் கம்பியும் சேர்ந்துதானே ஏறும்? ஒன்று மட்டும் எப்படி ஏறும்?

எட்டிப் பார்த்தேன். கப்பலின் எலக்ட்ரீஷியன், தாடி வைத்த கனத்த ஆள், ஒரு சின்ன மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையின்மேல் பத்துக் கம்பிகள். கீழே மூன்று மிதிகள். ஒரு மிதியை அமுக்கினால் ஒரு கம்பி மட்டும் இறுகிச் சுரம் ஏறியது. காலை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பியது. முழங்காலால் தள்ளுவதற்கும் ஒரு தட்டு இருந்தது. என் வாய் திறந்திருந்ததைப் பார்த்து அவர் சிரித்து, உள்ளே வரச்சொன்னார். அரை மணி நேரம் நான் அந்த மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, டாலி ஷீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். கம்பிகள் வந்து முடிகிற இடத்தில் ஒரே நெருக்கமாக ஏதேதோ இருந்தன. அதற்குள் விஞ்ச் சரியாகிவிட்டது என்று மேலே கூப்பிட்டார்கள். அவசரமாக அந்த இடத்தில் ஒரு சதுரம் போட்டு, "இங்கே ஏதோ திரும்புகிறது" என்று எழுதினேன். எலக்ட்ரீஷியன் ஒரு பழைய செட் கம்பியைக் காகித உறையில் போட்டுக் கொடுத்து என் தோளில் தட்டினார். நான் இதைச் செய்துவிடுவேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நான் நினைத்தேன்.

அன்று சாப்பிடும்போது அக்காவிடம் அறிவித்தேன்.

"அக்கா, நான் ஒரு வாத்தியம் செய்யப்போறேன். இந்தியாவிலேயே ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும்."

"மொதல்ல அந்தக் கதவுக் கொண்டியைச் செய்யி. ஒரு மாசமாத் தொங்குது" என்றாள் அக்கா.

செய்ய எனக்குக் கை வராது என்பது அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். கடற்கரைப் பக்கம் லாஞ்சுப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். டீசல் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். படத்தை அவனிடம் விரித்துக் காட்டினேன். தோணியில் திரும்பும்போது அலை தெறித்து மை கொஞ்சம் பரவியிருந்தது.

"இதென்னல, மீன் பெட்டிக்கு மூணு காலு வச்ச மாதிரி இருக்கு?"

"நாலு கால். ஒண்ணு பின்னால மறைஞ்சிருக்கு."

"சரி, இங்கன என்ன எழுதியிருக்க?" என்று சதுரத்தின்மேல் விரலை வைத்தான். எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு பட்டறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினான். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் எந்த எஞ்சின் மக்கர் செய்தாலும், "இங்க ஏதோ திரும்புது அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

சிரித்தானே தவிர அவன் விடவில்லை. உடைத்த ஒரு லாஞ்சின் தேக்கு மூடிப் பலகையைக் கொண்டுவந்தான். தண்ணீர்க் குழாயை அறுத்து நாலு கால் செய்தான். பழைய லாரிகளின் ஆக்சிலரேட்டர் மிதிகள் மூன்று கிடைத்தன. மிதியிலிருந்து கம்பி வரைக்கும் இழுப்பதற்கு எதைப் போடுவது என்று நான் ஒரு வாரம் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் பட்டறை வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துவிட்டு, சக்கரத்துப் போக்குக் கம்பியை உருவினான். முனையில் மரை இருக்கிறது, மரையில் திருகுகிற நிப்பிள் இருக்கிறது. எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவு திருகி வைத்துக்கொள்ளலாம். அற்புதமான யோசனை. அதற்குப் பிறகு பல வருஷம் அதை என் யோசனை என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

என்னுடைய சொந்த யோசனை ஒன்றும் அதில் இருந்தது. அந்தச் சதுரத்துக்குள் கதவுக்குப் போடும் சின்னக் கீல்களை வைத்தால் போதும் என்று அடித்துச் சொன்னேன். கம்பியின் நுனியைக் கீலில் கட்டி, கீலைப் போக்குக் கம்பியால் இழுப்பது. "இது நிக்காது" என்றான் ஃபிட்டர். "நீ எஞ்சின் ஆளு, இது இசை" என்றேன் நான். முதல் மிதியை முதல் முறையாக மிதித்தேன். சுரம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, டப்பென்று கம்பி அறுந்து என் புருவத்தில் அடித்தது. மறுநாள் அலுவலகத்தில், தோணியில் ஏறும்போது வழுக்கிவிட்டேன் என்று சொன்னேன்.

ஃபிட்டர் கீல்களைக் கழற்றி எறிந்தான். ஒவ்வொரு கம்பியின் நுனிக்கும் விரல் மாதிரி ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி வைத்தான். மிதித்தால் அது ஒரு திருகாணியில் முட்டுகிற வரைக்கும் திரும்பும். காலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து இன்னொரு திருகாணியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவ்வளவுதான். ஏறும் இடமும் நிச்சயம், இறங்கும் இடமும் நிச்சயம். நான் சதுரம் போட்டு மறைத்ததுதான் அந்த வாத்தியமே என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துப் புரிந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் நிறுத்தினோம். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இதுக்கும் டீச்சரம்மா ஆர்கன் மாதிரி காத்து அடிக்கணுமா?" என்று கேட்டாள். நான் பத்து நிமிஷம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ காத்து எங்கன போவுது?" என்றாள்.

நான் மிதித்து வாசித்ததும் அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஒரு கம்பி ஏறும்போது மத்த கம்பியெல்லாம் எறங்குது."

"மத்த கம்பியை யாரும் தொடவே இல்லக்கா!"

"தொட்டாலும் தொடாட்டியும் எறங்குது. காதுல விழுதுல்லா."

ஒரு வாரம் அவளோடு வாதாடினேன். கடைசியில் ஃபிட்டர் வந்து பலகையின் முதுகில் ஒரு நூலைக் கட்டி, என்னை மிதிக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தான். மிதிக்கும்போது பலகை நூலளவு வளைந்தது. பலகை வளைந்தால் எல்லாக் கம்பியும் தளரத்தானே செய்யும்? "டீச்சர் காது காதா, இல்ல அளவு பாக்குற கேஜா?" என்று கேட்டுவிட்டு, அடியில் ஓர் ஆங்கிள் இரும்பை வைத்து போல்ட் போட்டான். வளைவது நின்றது. வாத்தியத்தைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.

அடுத்து, சத்தம். இந்த வாத்தியத்துக்குக் குடம் கிடையாது, கரண்டில்தான் பேசும். கம்பிகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய காயில் ஒன்று வேண்டும். பிக்கப் என்று பெயர். மோட்டார் காயில் கட்டும் கடையில் கம்பி கிடைத்தது. கை டிரில்லை மேசையில் இறுக்கி, நானே சுற்ற ஆரம்பித்தேன். எண்ணுவது என் தொழில் அல்லவா? ஆயிரத்து எழுநூறு வந்தபோது பால்காரி வாசலில் நின்று, "நாளைக்கு ரெண்டு படியா, ஒரு படியா?" என்று கேட்டாள். "ஒண்ணு" என்றேன். அடுத்து ரெண்டு என்று எண்ணினேன். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் அக்கா, "எண்ணாதல. அந்தக் குழி நெறைஞ்சா நிறுத்து" என்றாள். குழி நிறைந்தது, நிறுத்தினேன், வேலை செய்தது.

ஆம்பிளிபயர் கட்டிக் கொடுத்தவர் ரேடியோ ரிப்பேர் கடை அண்ணாச்சி. கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டுத் தேய்ந்துபோன ஒரு வால்வு செட்டை எடுத்துத் திருத்தினார். முதலில் புனல் ஸ்பீக்கரை மாட்டினோம். வாத்தியம் எதை வாசித்தாலும் ஓட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு பெரிய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி மரப்பெட்டியில் பூட்டினார். சத்தம் வந்தது. கூடவே வண்டு புகுந்த மாதிரி ஓர் உறுமலும் வந்தது. கழுவிய சிமென்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து கம்பியைத் தொட்டேன். கரண்ட் என்னை முக்காலியோடு பின்னுக்குத் தள்ளியது.

"தம்பி, எர்த் குடுக்காம வாசிச்சா அப்படித்தான். முற்றத்துல குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயை எறக்குங்க. நம்ம ஊருல உப்புக்கா பஞ்சம்?" என்றார் அண்ணாச்சி.

எர்த் போட்டதும் அடி நின்றது. உறுமலும் பாதியாகக் குறைந்தது. தினம் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மறந்தால் இன்னொரு தொல்லை வரும். என் வயர் ஏரியல் மாதிரி வேலை செய்து, கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலி ஸ்பீக்கரில் பேசும். ஒரு நாள் நான் கண்களை மூடி உருக்கமாக இழுத்த இழுப்புக்கு நடுவே ஒரு பெண் குரல் சோப்பு வாங்கச் சொன்னது.

இப்படி இரண்டு வருஷம் ஆயிற்று. எல்லாம் முடிந்து, உட்கார்ந்து வாசிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில், ஒரு விஷயம் தெளிவானது. எனக்கு அதை வாசிக்க வரவில்லை. கை நகர்ந்தால் கால் மறக்கும். காலை நினைத்தால் முழங்கால் தானாகத் தட்டை இடிக்கும். மூன்றையும் நினைத்தால் மூச்சுவிட மறந்து முகம் கறுக்கும். இருந்தும் தினமும் மாலை ஒரு மணி நேரம் விடாமல் வாசித்தேன். தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் நான் அலுவலகத்திலிருந்து வரும் நேரத்துக்குச் சரியாக மூடிக்கொள்ளும்.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை மாலை பக்கத்து வீட்டு அம்மாள் என்னை வாசலில் நிறுத்தினாள்.

"தம்பி, மத்தியானம் வாசிச்சியளே, நல்லா இருந்துச்சு. இன்னைக்குத்தான் பாட்டு மாதிரி இருந்துச்சு."

நான் தலையைத் தாழ்த்தி, "எல்லாம் பழக்கந்தான்" என்று அடக்கமாகச் சொன்னேன். உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான் உறைத்தது. மத்தியானம் முழுவதும் நான் நடுக்கடலில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்கா அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தலைவலி என்று சொல்லிப் பாதியில் கரைக்கு வந்துவிட்டேன். தெருமுனையிலேயே கேட்டது. கோயிலில் பாடுகிற பாட்டுதான். ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சுரம் நிற்க, இன்னொன்று ஏறி வந்து சேர்ந்தது, கப்பலில் நான் கேட்ட அதே மாதிரி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலால் மிதிகளை மிதித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக ஆர்கனில் இரண்டு காலாலும் காற்றடித்து, முழங்காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டு கையாலும் வேறு வேறு வாசித்து வந்தவள். அவளுக்கு இது கால் நீட்டி உட்கார்கிற மாதிரி.

நான் மூன்று நாள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இரண்டு வருஷ உழைப்பு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதில் ஃபிட்டருடைய உழைப்பைக் கழித்தேன், அண்ணாச்சியுடையதைக் கழித்தேன். மிஞ்சியது கீல்.

நாலாம் நாள் அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கோவமால?"

"எனக்கென்ன கோவம்."

"ஒன்னயக் கேட்டுட்டுத் தொட்டிருக்கணும். தப்புதான்." பிறகு சொன்னாள்: "ஆர்கன்ல ஒரு கட்டையை அமுக்குனா அந்தச் சுரம் அங்கனயே நிக்கும். ரெண்டு சுரத்துக்கு நடுவுல ஒண்ணும் கெடையாது. பாடுதவங்க தொண்டை மட்டும் அந்த நடுவுல போயிட்டு வரும். நான் இத்தன வருசமா அதக் கேட்டுக்கிட்டே சும்மா இருந்திருக்கேன். இதுல எனக்கும் போக முடியுது."

அவள் அப்படி நீளமாகத் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "நீயே வாசி" என்றேன். பெருந்தன்மையோடு சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னேன் என்பது அவள் ஞாபகம்.

கோயிலில் கடவுளுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. மாலை நிகழ்ச்சியில் அக்கா இதை வாசிக்கட்டும் என்று நான்தான் கேட்டேன். கமிட்டியில் ஒரு பெரியவர், "இது சினிமாக்காரங்க சமாச்சாரம் மாதிரில்லா இருக்கு" என்றார். "பாட்டு நம்ம பாட்டுதான் ஐயா. நல்லா இல்லன்னா நிறுத்திருதேன்" என்றாள் அக்கா. அவளுடைய ஆர்கனை நம்பியே பண்டிகை நடந்ததால் மறுக்க வழியில்லை.

நான் ஒரு சொற்பொழிவு எழுதி வைத்திருந்தேன். "இந்த அரிய வாத்தியம் உருவான வரலாறு" என்று நாலு பக்கம். ஃபிட்டரும் நானும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் நிறுத்தினோம். அக்கா வந்து உட்கார்ந்தாள். நான் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காகிதத்தை விரித்து, தொண்டையைச் செருமினேன்.

ஸ்பீக்கர் என்னை முந்திக்கொண்டது. "அடுத்து வருவது நேயர் விருப்பம்" என்று கணீரென்று சொல்லி, ஒரு சினிமாப் பாட்டை ஆரம்பித்தது.

சபை முழுவதும் சிரித்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கமிட்டிப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். சொற்பொழிவை மனப்பாடம் செய்கிற மும்முரத்தில் எர்த் வயரை மாட்டவே மறந்திருந்தேன். எந்த வயர் எது என்று தெரியவில்லை. ஃபிட்டர் என்னை இடுப்பில் இடித்து நகர்த்திவிட்டு, வயரை இழுத்து வெளியே தண்ணீர்ப் பம்பின் குழாயில் முறுக்கினான். பாட்டு நின்றது.

சிரிப்பு அடங்கும் வரை அக்கா காத்திருந்தாள். பிறகு வாசித்தாள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான். முதல் அடி முடிந்து அந்தச் சுரம் ஏறி வந்து சேர்ந்தபோது, முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த விசிறிகள் நின்றன. மூன்றாவது அடிக்கு வரும்போது கமிட்டிப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் பம்பைப் பிடித்தபடி வாசல் பக்கம் நின்று, அந்தக் குழாயடியில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. ஃபிட்டர் பார்த்துவிட்டான். அவன் என்னைக் கேலி செய்யாமல் விட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

முடிந்ததும் கோயில் பாதிரியாரான ஐயர் வந்து அக்காவைப் பாராட்டினார். "செஞ்சது யாரு?" என்று கேட்டார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். அக்கா ஃபிட்டரைக் காட்டினாள். ஐயர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரேடியோ வச்சது தம்பியா?" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா நாலைந்து வருஷம் கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசித்தாள். கம்பி அறுந்தபோதெல்லாம் வீணைக் கம்பியை வாங்கி மாட்டினாள். கடல் காற்றில் மிதிகள் துருப் பிடித்தன. எண்ணெய் போடுவது என் வேலை. புதுத் துறைமுகம் திறந்து, கப்பல்கள் கரைக்கே வந்து கட்டின. என் தோணிப் பயணம் நின்றது. அக்காவுக்குச் சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை வேலை கிடைத்தது. வாத்தியமும் அவளோடு போவது என்று பேசாமலே முடிவாகியிருந்தது.

சாக்கால் சுற்றிக் கயிறு கட்டி, பஸ்ஸின் பின்பக்கம் ஏற்றினோம். அவளைக் கொண்டுபோய் விட நானும் ஏறிக்கொண்டேன். சாக்குக்கு வெளியே மூன்று மிதிகளும் நீட்டிக்கொண்டிருந்தன. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னது இது, தையல் மிஷினா?"

என்னிடம் நாலு பக்கச் சொற்பொழிவு இருந்தது. இன்னும் மனப்பாடமாகவும் இருந்தது. பஸ் கிளம்பும் நேரம்.

"ஆமா" என்றேன்.

அக்கா பெண்கள் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மடியில் வைத்திருந்த ஆம்பிளிபயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் ஊரைத் தாண்டியதும் நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உப்பளங்களை எண்ண ஆரம்பித்தேன்.